பக்கத்துக் கட்டிலின் எண்ணிக்கை

என் கணுக்காலில் இருந்த சிவப்புப் புள்ளிகளை முதலில் பார்த்தவள் என் மகள் பவித்ரா. பத்தாவது படிக்கிறாள். காலையில் நான் அவளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது, கீழே விழுந்த பேனா மூடியை எடுக்கக் குனிந்தவள், "ம்மா, கால்ல என்னாது இது? எறும்பு கடிச்ச மாதிரி" என்றாள். எறும்பு கடித்தால் அரிக்கும். இது அரிக்கவில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். சாதாரணத் தடிப்பாக இருந்தால் வெளுக்கும். இது வெளுக்கவும் இல்லை. குண்டூசி முனையால் சிவப்பு மையைத் தொட்டு வைத்ததுபோல முழங்கால்வரை ஏறியிருந்தது.

இரண்டு நாளாகவே பல் தேய்த்தால் ரத்தம் வந்துகொண்டிருந்தது. மாதவிலக்கு பத்து நாளாகியும் நிற்கவில்லை. நாற்பது நெருங்குகிறது, இதெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஷிப்ட் பஸ் பிடித்துப் போய் வந்துகொண்டிருந்தேன். ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கடைசிச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். சின்ன உருக்கு வளையங்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் வேலை. கீறலோ குழியோ இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவேன். பதினோரு வருடமாகக் கண்ணை வைத்துத்தான் பிழைப்பு. அப்படிப்பட்டவள் என் காலை நானே பார்க்கவில்லை.

கம்பெனி மருந்தகத்தில் டெங்குவாக இருக்கும் என்றார்கள். ஊரில் அப்போது வீட்டுக்கு ஒருவர் டெங்குவில் படுத்திருந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை என்று வந்தது. ஆனால் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள், எல்லோரும் பிளேட்லெட் என்று சொல்கிறோமே அவை, குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் ஆறாயிரம்தான் இருந்தன. அந்தத் தாளைக் கொடுத்த பெண் என்னை நிற்க வேண்டாம், உட்காருங்கள் என்றாள். பிறகு, தனியாக எங்கேயும் நடக்க வேண்டாம் என்றாள். அவள் குரலில்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

அந்தப் பயம் இரண்டு நாளில் பழகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த பதினான்கு நாளும் என்னை விடாமல் இருந்தது வேறொன்று, பொறாமை. இதை எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை விட்டுவிட்டு எழுதினால் அது என் கதையாக இருக்காது.

வியாழக்கிழமை சேர்ந்தேன். இரண்டு கட்டில் போட்ட பெண்கள் அறை, நடுவில் பச்சைத் திரை. நான் படுத்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது, பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெண்ணைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கைகளில் நாவல்பழம் நசுங்கினதுபோல நீலத் திட்டுகள். பெயர் ஷமீம். வீடு குந்தாரப்பள்ளியில். அவள் கணவர் அங்கே மாட்டுச் சந்தையில் மூக்கணாங்கயிறும் கழுத்துமணியும் விற்கிறவர். ஒன்பது மாதக் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுக்கும் என் நோயேதான். எண்ணிக்கை ஒன்பதாயிரம்.

எனக்கு ஆறு, அவளுக்கு ஒன்பது. அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

ரத்த நோய் டாக்டரம்மா பெங்களூரிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவார். வெள்ளிக்கிழமை வந்தபோது திரையை விலக்கிவிட்டு, இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன் என்று நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் கணவர் நாகராஜ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார்.

"உடம்புக்குள்ள கிருமி வந்தா அதைப் புடிக்கறதுக்கு ஆன்டிபாடின்னு ஒண்ணு உருவாகும். தமிழ்ல எதிர்ப்பொருள்னு சொல்லுவாங்க. பாக்கறதுக்குக் கவண் குச்சி மாதிரி இருக்கும். ரெண்டு கொம்பு, ஒரு கைப்பிடி" என்றார் டாக்டரம்மா, விரல்களை விரித்துக் காட்டி. "ரெண்டு கொம்பும் கிருமியைப் புடிச்சுக்கும். கைப்பிடி வெளியே நீட்டிட்டு இருக்கும். மண்ணீரல்ல கிருமியை விழுங்கற செல்லுங்க இருக்குது. அதுங்க மேல ஏற்பின்னு சின்னச் சின்னக் கை மாதிரி இருக்கும். அந்தக் கை கிருமியைத் தேடாது. கவணோட கைப்பிடியைத்தான் தேடும். கைப்பிடி சிக்குச்சுன்னா இழுத்து விழுங்கிடும். அவ்ளோதான் அதுக்குத் தெரியும்."

"அப்ப நல்லதுதானே மேடம்?" என்றாள் ஷமீம்.

"நல்லதுதான். ஆனா உங்க ரெண்டு பேருக்கும் கவண் தப்பான ஆளைப் புடிக்குது. கிருமியை விட்டுட்டு உங்க தட்டணுவையே போய்ப் புடிச்சிருக்குது. விழுங்கற செல்லுக்கு அது தெரியாது. கைப்பிடி தெரியுதா, உள்ள போடுன்னு போட்டுட்டே இருக்குது."

நான் சோதனைப் பிரிவு என்று தெரிந்துகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நல்ல பீஸ் மேல யாரோ ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க. குப்பையில போடறவன் ஸ்டிக்கரை மட்டும்தான் பாப்பான், இல்லீங்களா?"

எனக்கு அந்த நொடியே புரிந்தது. புரிந்தபோது என் உடம்பின் மேல் எனக்கே கோபம் வந்தது.

நாகராஜ் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எங்க டிரைவருங்க ஆறு பேரு கீழ நிக்கறாங்க மேடம். பிளேட்லெட் குடுக்கறன்னு வந்திருக்காங்க."

"ரொம்பப் பெரிய மனசு. ஆனா இப்ப ஏத்துனா அதுவும் அதே வாய்க்குத்தான் போவும். உயிருக்கு ஆபத்தா ரத்தப்போக்கு வந்தாத்தான் ஏத்துவோம்" என்றார். டிரைவர்கள் கீழே டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒருவர் மட்டும் மேலே வந்து வாசலில் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இருவருக்கும் நான்கு நாள் ஸ்டீராய்டு மாத்திரை என்று முடிவானது. விழுங்கும் செல்களின் பசியை அடக்கி, தப்பான எதிர்ப்பொருள் உருவாவதையும் குறைக்கும் மருந்து. ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே நேரம். காலை ஆறு மணிக்கு ரத்தம் எடுப்பார்கள். பதினோரு மணிக்கு எண் வரும். நர்ஸ் அனிதா ஆனேக்கல் பக்கத்துப் பெண், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள். வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவாள்.

வெள்ளி: ஷமீம் பதினான்கு, நான் ஐந்து. சனி: ஷமீம் முப்பத்து நான்கு, நான் எட்டு. ஞாயிறு: ஷமீம் அறுபத்திரண்டு, நான் ஏழு. எல்லாம் ஆயிரக் கணக்கில்.

எட்டு வந்த அன்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஐந்திலிருந்து எட்டு. ஆனால் அடுத்த மூச்சில் முப்பத்து நான்கைக் கேட்டபோது என் எட்டு ஒன்றுமில்லாமல் போய்விட்டது. ஷமீம், "அல்லாவே" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அவளிடம் எனக்கு எல்லாமே உறுத்தியது. அவள் வயது, இரண்டு வேளையும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது, அவள் கணவர் அவளோடு ஓயாமல் பேசிக்கொண்டே மாதுளை உரித்துக் கொடுப்பது. என் கணவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஆனால் அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். தூக்கத்தில் நான் சொறிந்துகொண்டு ரத்தம் வந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு நகமாக என் விரலைப் பிடித்து வெட்டி, கரகரப்பு போகத் தேய்த்துவிட்டார். ஈறு கிழியாதிருக்கக் குழந்தைகளுக்கான பிரஷ் வாங்கி வந்தார். அதில் முயல் படம் போட்டிருந்தது. பவித்ரா தினமும் தான் செய்த ரசத்தின் படத்தைப் போனில் அனுப்பினாள். இவ்வளவும் இருந்தும், திரைக்கு அந்தப் பக்கம் மாதுளை முத்துகள் கிண்ணத்தில் விழும் சத்தம்தான் எனக்குப் பெரிதாகக் கேட்டது.

ஆரோக்கியமாக இருக்கிற எல்லோர் மேலும் பொறாமை இருந்தது. தரை துடைக்கும் அம்மா கதவில் முழங்கையை இடித்துக்கொண்டு, 'ஸ்ஸ்' என்று தேய்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அப்படி ஓர் இடி பட்டால் எனக்கு உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். இடித்துக்கொண்டும் கவலைப்படாமல் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மாலை நாகராஜிடம் தெலுங்கில் கொட்டித் தீர்த்தேன். எங்கள் வீட்டில் தெலுங்குதான். அவளுக்கு மட்டும் ஏன் ஏறுகிறது, எனக்கு ஏன் ஏறவில்லை, அவள் அப்படி என்ன புண்ணியம் செய்தாள், நான் யார் குடியைக் கெடுத்தேன் என்று கேட்டேன். அவர், "சும்மா இரு" என்று மட்டும் சொன்னார். சற்று நேரத்தில் திரை விலகியது. ஷமீம் ஒரு கிண்ணம் மாதுளை முத்தை நீட்டி, "தினு அக்கா" என்றாள். சாப்பிடு அக்கா என்று சுத்தமான தெலுங்கில். சந்தையில் கடை போடுகிற குடும்பம் மூன்று பாஷையும் பேசும் என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை அவளுக்கு டிஸ்சார்ஜ். ஞாயிற்றுக்கிழமை எண்ணை வைத்தே சீட்டு எழுதிவிட்டார்கள். அன்றைக்குத்தான் எனக்கு எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. தட்டணு உருவாகிற இடமே சரியாக இருக்கிறதா என்று இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்துப் பார்ப்பது. புற்றுநோயாக இருக்குமோ என்று யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. எல்லோர் முகத்திலும் அது இருந்தது.

நான் அந்தப் பரிசோதனைக்காகக் காத்திருந்தேன். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள். சேலை சற்று மேலே ஏறியிருந்தது. வலது கணுக்காலின் உள்பக்கம் நான்கு புள்ளிகள். அவள் பழைய புள்ளிகள் எல்லாம் மங்கித் துரு நிறத்துக்கு வந்திருந்தன. இந்த நான்கும் பளிச்சென்று சிவந்திருந்தன. புதுசு. ஆயிரம் வளையத்தில் ஒரு குழியைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு அது தெரியாமல் போகாது.

அனிதா இரண்டடி தள்ளி நின்று மருந்துச் சீட்டு மடித்துக்கொண்டிருந்தாள். 'சிஸ்டர், இங்க ஒரு நிமிஷம்' என்று சொன்னால் போதும். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தேன். மூடியை மறுபடி நிதானமாகத் திருகினேன். எனக்குள் ஒரு குரல், 'எல்லாருக்கும் மருந்து கேட்டுடுமா' என்றது. அது என் குரல்தான்.

"வர்றன்கா. சீக்கிரம் வந்துடுங்க வீட்டுக்கு" என்றாள் ஷமீம்.

"பாத்துப் போம்மா" என்றேன்.

மஜ்ஜை நன்றாக இருக்கிறது என்று மறுநாள் சொன்னார்கள். தொழிற்சாலை ஓடுகிறது, சரக்குத்தான் வழியில் பறிபோகிறது. புதன், வியாழன் இரண்டு நாளும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். விலை அதிகம், கம்பெனி காப்பீட்டில் கையெழுத்து வாங்க நாகராஜ் மூன்று முறை ஓடினார்.

"ஆயிரக்கணக்கான பேரு தானம் குடுத்த ரத்தத்துலேர்ந்து பிரிச்ச ஆன்டிபாடி இது" என்றார் டாக்டரம்மா. "விழுங்கற செல்லோட ஏற்பி எல்லாம் இதைப் புடிச்சிட்டு உக்காந்துடும். உங்க தட்டணு பக்கத்துல போனாலும் புடிக்கறதுக்குக் கை காலியா இருக்காது. இன்னும் வேற வேற விதமாவும் இது வேலை செய்யுது, எல்லாம் முழுசாப் புரிஞ்சிடல. ஆனா நிரந்தரம் இல்லீங்க. சில வாரம் தாங்கும். அதுக்குள்ள, மஜ்ஜையைத் தூண்டி அதிகமாச் செய்ய வைக்கற மாத்திரை ஆரம்பிச்சுடலாம்."

மருந்து இறங்கும்போது தலை பிளக்கும் வலி. கைக்குள் குளிர்ச்சியாக ஏதோ ஓடியது. முகம் தெரியாத அத்தனை ஆயிரம் பேரும் நோயில்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் மேல் எனக்குப் பொறாமை வரவில்லை. வெறும் களைப்புத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அனிதா ஓடியே வந்தாள். "மஞ்சுளாக்கா! முப்பத்தொண்ணு!" நாகராஜ் வராந்தாவுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அவர் அழுதது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. நான் காலி கட்டிலைப் பார்த்தேன். நான்கு புள்ளிகள் கண்ணுக்குள் நின்றன.

சனிக்கிழமை காலை அதே கட்டிலுக்கு ஷமீம் திரும்பி வந்தாள். மூக்கில் பஞ்சு அடைத்திருந்தது. முந்தின நாள் மூக்கில் ஆரம்பித்த ரத்தம் நிற்கவே இல்லை. குருபரப்பள்ளி தாண்டி வரும்போது காரிலேயே மயங்கிவிட்டாளாம். ரவிக்கையின் முன்பக்கம் காய்ந்த ரத்தம். எண்ணிக்கை மூவாயிரம். தலைக்குள் கசிவு இருக்கிறதா என்று உடனே ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் கணவர், எப்போதும் பேசிக்கொண்டே இருப்பவர், சுவரில் சாய்ந்து வாயைத் திறக்காமல் நின்றார்.

ஸ்கேன் முடிந்து வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரம் என் நோயைப் பற்றி ஒரு முறைகூட நான் நினைக்கவில்லை. தலைக்குள் ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் வாசலை விட்டு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கணவர் சாப்பிடப் போயிருந்தார். அவளுக்கும் இம்யூனோகுளோபுலின் ஏறிக்கொண்டிருந்தது. நான் திரையை விலக்கி அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"ஷமீம், ஒண்ணு சொல்லணும். நீ கிளம்புனன்னிக்கு உன் கால்ல புதுசா நாலு புள்ளி இருந்துச்சு. நான் பாத்தன். பாத்துட்டு வாயத் தொறக்கல."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "ஏன்கா?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். "எனக்கு ஏறல. உனக்கு ஏறுச்சு. தாங்க முடியல" என்றேன்.

அவள் சொட்டு விழும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நானும் பாத்தன்கா" என்றாள். "குளிக்கறப்பவே பாத்தன். அதுக்குத்தான் சாக்ஸு போட்டன். சொன்னா இன்னும் நாலு நாள் வெச்சுடுவாங்க. மாருல பால் கட்டிக்கிட்டு உசுரு போவுது, பாப்பா அங்க பாட்டில வாயிலயே வெக்க மாட்டங்குதாம். போயிட்டா போதும்னு இருந்துச்சு."

நிம்மதியாக இருந்தது என்று எழுத முடியாது. டாக்டரம்மாவிடம் நான் தனியாகக் கேட்டேன்: நான்கு புள்ளியை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் ஒளிக்காமல் சொன்னார். அன்றைக்கே மறுபடி ரத்தம் பார்த்து அனுப்பாமல் வைத்திருப்போம், இந்த ரத்தப்போக்கு வந்திருக்காது. அவள் மறைத்தது குழந்தைக்காக. நான் மறைத்ததற்கு அப்படி ஒரு காரணம் இல்லை. இன்றைக்கும் இல்லை.

புதன்கிழமை எனக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம். டிஸ்சார்ஜ். நாகராஜ் பையை அடுக்கி, முயல் பிரஷை அதன் பெட்டிக்குள் போட்டு மூடினார். அனிதா வந்து ஷமீமின் எண்ணைச் சொன்னாள். பன்னிரண்டு. நான் கிளம்ப எழுந்தேன்.

"அக்கா" என்றாள் ஷமீம். "இந்த மருந்து ஏத்துனதும் உங்களுக்கு மொத தடவையே முப்பத்தொண்ணு வந்துச்சாமே. சிஸ்டரு சொன்னாங்க. எனக்கு வெறும் பன்னெண்டு. உள்ளத ஒளிக்காம சொல்றன், வயிறு எரியுதுக்கா. நீங்க போறீங்க, நான் இங்கயே கெடக்கறன். உங்களப் பாக்கவே புடிக்கல இப்ப."

அவ்வளவு சுலபமாக, முகத்துக்கு நேராக. ஆறு நாள் நான் தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்ததை அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். நாகராஜ் பையோடு வாசலில் நின்றார். "நீங்க கீழ போய் டீ குடிங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எழுந்து போகவில்லை. சாப்பாடு வந்தது. பிசைந்து வைத்தேன். சிறிது நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலேயே சாப்பிட்டாள்.

இது நடந்து எட்டு மாதமாகிறது. அவளுக்கு அதற்கப்புறம் இன்னும் ஒரு மருந்து மாற்ற வேண்டி வந்தது, பிறகு நின்று நிதானமாக ஏறியது. நான் இன்னும் மாத்திரை சாப்பிடுகிறேன். மாதத்தில் முதல் வெள்ளிக்கிழமை இருவரும் ரத்தம் கொடுக்கிறோம். அவள் கிருஷ்ணகிரியில், நான் ஓசூரில். எண் வந்ததும் போனில் அனுப்பிக்கொள்வோம்.

போன வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். எனக்குத் தொண்ணூற்று நான்காயிரம். சாப்பாட்டு இடைவேளையில், சோதனை மேசைக்குப் பின்னால் நின்றபடி, 'ரொம்ப சந்தோஷம்மா' என்று எழுதினேன். அனுப்பும் முன் அழித்தேன். 'வயிறு எரியுது' என்று எழுதி அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டாள். போனில் முதலில் கேட்டது சந்தைக் கூச்சல், மாட்டுக்காரர்கள் விலை பேசும் சத்தம், குழந்தை எதற்கோ கத்துவது. அதற்கெல்லாம் மேலே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். என் இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.